பாட்டுக் கட்டினவரின் பெயர்

கல்வராயன் மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்கும் கோமுகி ஆறு அணையில் தேங்கி நிற்கும் இடத்துக்கு அண்மையில், கச்சிராயபாளையத்தை ஒட்டி அமைந்திருக்கிற வடக்கனந்தல், முன்பு தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கு உட்பட்டு, 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய பேரூர். நிர்வாகத்தின் எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினவாயினும், அவ்வூரைச் சுற்றியுள்ள பாட்டின் எல்லைகள் மாறவில்லை. மேற்கே வெள்ளிமலையை நோக்கி ஏறிப் போனால் அங்கே சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டு. கிழக்கே இறங்கி வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவு தொடங்கி விடியும் வரையில் முகவீணையும் மத்தளமும் தாளமும் முழங்க நடைபெறும் தெருக்கூத்தின் பாட்டு. சித்திரை மாதத்தில் கூவாகத்தில் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் திருவிழா நடக்கும்போது அவனுக்காக எழும் அழுகைப் பாட்டு. சங்கீதம் என்ற கௌரவமான பெயரைச் சபைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நியாயமன்று, இவையெல்லாம் சங்கீதமே.

இந்தப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் இன்றைக்கு ஒரு பாட்டைத் தாமே கட்டி, தம் கைப்பேசியிலோ சிறிய கணினியிலோ பதிவு செய்து, எந்தக் கம்பெனியின் அனுமதியையும் எதிர்பாராமல், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கேட்கும்படி இணையத்தில் வெளியிட்டுவிட முடிகிறது. இதைச் சுயாதீன இசை என்று பெயரிட்டு, இதற்கு முன் எக்காலத்திலும் இல்லாத புதுமை என்று பலரும் வியந்து பேசுகிறார்கள். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் பாட்டைத் தானே பெருக்கி, தானே ஜனங்களிடம் கொண்டுபோய், தானே விலை பெற்றுக்கொள்ளும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. நூறு வருஷங்களுக்கு முன் அத்தொழில் நம் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இரயில் நிலையங்களிலும் செழித்து நடந்தது. அது எப்படிப் பாட்டுக்காரனின் கையை விட்டுப் போயிற்று, எவ்வாறு திரும்பி வந்திருக்கிறது என்பதை அறிந்தால்தான், திரும்பி வந்ததைக் காத்துக்கொள்ளும் வழியும் புலப்படும்.

சுதேசிகள் அச்சுக்கூடம் வைத்துக்கொள்வதற்கு இருந்த தடைகள் 1835-இல் நீங்கின. அதன்பின் ஐம்பது வருஷங்களுக்குள் சென்னைப் பட்டணத்தில், குஜிலிக் கடை என்று வழங்கிய அங்காடியைச் சுற்றி, மட்டமான காகிதத்தில் எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாகப் பாட்டுப் புத்தகங்களை அச்சிட்டுக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கும் வியாபாரம் ஒன்று எழுந்தது. குஜிலிப் பாட்டு என்று கற்றவர்கள் சற்று இளப்பமாகக் குறிப்பிட்ட இப்புத்தகங்களில் சொல்லப்படாத விஷயமே இல்லை. புயல், வெள்ளம், கொள்ளை நோய், இரயில் விபத்து, ஊரை உலுக்கிய கொலை, விலைவாசி, கள்ளின் கேடு, தேசபக்தி எல்லாம் சிந்தாகவும் கும்மியாகவும் ஜனங்களுக்குப் பழக்கமான நாடக மெட்டாகவும் உருக்கொண்டு, சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் தெருவுக்கு வந்துவிடும். பாட்டுக் கட்டினவரே பல சமயங்களில் கட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஜனக்கூட்டம் சேரும் இடத்தில் நின்று உரக்கப் பாடி, கேட்டு உருகினவர்களிடம் பிரதியை விற்றுக் காசு வாங்கிக்கொள்வார். படிக்கத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், அன்று மாலைக்குள் அந்தப் பாட்டு அத்தெரு முழுவதற்கும் பாடமாகிவிடும்.

இந்த வியாபாரத்தின் பலன் சென்னையோடு நின்றுவிடவில்லை. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பிரசுரகர்த்தர்கள் பெரிய எழுத்துக் கதைகளையும் கூத்து நாடகங்களையும் அச்சிட்டு நாடெங்கும் பரப்பினார்கள். கூத்து வாத்தியார்களின் ஏட்டிலும் நாவிலும் இருந்த பாட்டு இவ்வாறு அச்சேறி, அச்சேறிய பாட்டு மறுபடியும் வாத்தியார்களின் நாவுக்கு வந்தது. 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது அவரைப் பற்றிப் பிறந்த சிறு பாட்டுப் புத்தகங்கள் சர்க்காரைக் கலங்கச் செய்து, தடை செய்யப்பட்ட பிரசுரங்களின் வரிசையில் இடம்பெற்றன. காலணாப் புத்தகத்துக்குச் சாம்ராஜ்யம் ஒன்று அஞ்சியது என்பதைவிட அதன் வலிமைக்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. 1867-ஆம் வருஷத்து அச்சுக்கூடங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தின்படி, அச்சான ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சர்க்காருக்குச் சேர வேண்டியிருந்தது. அதன் பெயர், ஆசிரியர் பெயர், அச்சிட்ட இடம், பக்கங்கள், பிரதிகளின் தொகை, விலை, பதிப்புரிமை உடையவரின் பெயரும் இருப்பிடமும் ஆகிய எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த அட்டவணையில் ஏற வேண்டியிருந்தது. ஜனங்களைக் கண்காணிக்கும் நோக்கத்தோடு செய்த ஏற்பாடுதான் அது. எனினும், வித்துவான்கள் ஒதுக்கி, நூலகங்கள் வாங்காமல் விட்ட அந்தத் தெருப்பாட்டுக்காரர்களின் பெயரை இன்று நாம் அறிய முடிவது பெரும்பாலும் அந்த அட்டவணையின் உதவியால்தான். அதே காலத்தில் கல்வராயன் மலைச்சாரலில் அவற்றினும் இனிய பாட்டுகளைக் கட்டிய பெண்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது, கட்டினவரின் பெயர் மறைந்தது.

உயர்ந்த சங்கீதத்திலும் சொந்தப் பிரசுரத்துக்கு ஆதரவு தேடி அலைய வேண்டியிருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைக் கேட்டு மனம் கரைந்த காரைக்காலின் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் 1860-களின் தொடக்கத்தில் அதை அச்சிட முன்வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, இலக்கண வழுக்கள் இருப்பதைக் கண்டு சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கி, பின்பு பாரதியாரே பாடக் கேட்டு நெகிழ்ந்து கொடுத்த வரலாற்றை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் வெளிவந்ததற்கு எட்டயபுரம் சமஸ்தானத்தின் பொருள் வேண்டியிருந்தது. பிரபுவின் தயவை நாடாமல் ஜனங்களையே பங்காளிகளாக்க முயன்றவர் சுப்பிரமணிய பாரதியார். 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், ஒவ்வொருவரும் 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் உதவி, வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தார். இன்றைய கலைஞர்கள் இரசிகர்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் முறையை அவர் அன்றே கண்டிருந்தார். நாடு செவிசாய்க்கவில்லை, அடுத்த வருஷம் செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் நடந்தது இந்தச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலோடு இந்தியாவில் காலூன்றிய கிராமபோன், முப்பது வருஷங்களில் தமிழ்நாட்டுக் கிராமத்துக் காப்பிக் கடை வரையில் வந்து சேர்ந்தது. அச்சுக்கூடத்தை நூறு ரூபாய் உள்ளவன் நாடலாம்; இசைத்தட்டை உற்பத்தி செய்யும் ஆலையோ பெருமுதலாளிக்கே சாத்தியம். பாடினவருக்கு ஒருமுறை ஒரு தொகை, அதன்பின் தட்டும் அதில் அடங்கிய குரலும் கம்பெனியின் சொத்து என்பது பெரும்பாலும் வழக்கமாயிற்று. பாரதியாரின் பாட்டுகளை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமையும் 1930-களில் ஒரு நகை வியாபாரியின் கைக்குப் போய், அவரிடமிருந்து பின்னர் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் கைக்கு வந்தது. அக்காலத்துச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி ஐம்பது வருஷம் கழியும் வரையில் உரிமை நிலைக்கும். 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றதைத் தொடர்ந்து எழுந்த வழக்கு, நாடெங்கும் கிளர்ச்சியை உண்டாக்கியது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் முதலானோர் முயன்று, பாரதி விடுதலைக் கழகம் கண்டு, முதல் மந்திரியை அணுகினார்கள்.

அந்த முதல் மந்திரி ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், வடக்கனந்தல் அடங்கியிருந்த அதே தென்னார்க்காடு ஜில்லாவின் விவசாயி. அவர் கேட்டுக்கொண்டபோது மெய்யப்பச் செட்டியார் எவ்விதப் பிரதிப்பிரயோஜனமும் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்; கவிஞரின் குடும்பத்தாருக்குச் சர்க்கார் பொருள் கொடுத்தது; 1949-இல் பாரதியாரின் பாட்டு நாட்டுடைமையாயிற்று. இரு தரப்பாரின் பெருந்தன்மையும் போற்றத்தக்கதே. ஆயினும், கவிஞன் உயிரோடிருந்தபோது நூறு ரூபாய் கொடுக்க ஆளின்றி, அவன் இறந்தபின் அவன் பாட்டு கைமாறிக் கைமாறி விலை ஏறிய கொடுமையை அப்பெருந்தன்மை மறைத்துவிட முடியாது.

1931-இல் காளிதாஸ் வெளியாகித் தமிழ்ப் படம் பேசவும் பாடவும் தொடங்கிய பிறகு, பாட்டுக் கட்டுவது சினிமாவின் கிளைத்தொழிலாகவே ஆகிவிட்டது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டு, தேர்வில் தேறினவர்களுக்கு இடம் தந்தன. தேர்வுக்குப் போக வழியில்லாத மலைக்குடியினர் வெளியே நின்றார்கள். சட்டமும் அவர்களை வெளியேதான் நிறுத்தியது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், அச்சிடப்பட்டதோ எழுத்திலும் குறியீட்டிலும் வடிக்கப்பட்டதோ ஆன இசையை மட்டுமே இசைப்படைப்பாக ஏற்றது. வாயால் கட்டி, செவியால் கற்று, வாயாலேயே பரப்பிய பாட்டு அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. படத்தயாரிப்பாளர் கூலி கொடுத்து அமர்த்திய இசையமைப்பாளரின் பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் பாடகரின் கலைக்கும் சட்டம் மதிப்பளிக்க வேண்டுமென்று தனியே ஒரு குறிப்பு எழுதினார். 1994-ஆம் வருஷத்துத் திருத்தம் எழுத்துருவம் கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்கி, நிகழ்த்துவோருக்கும் தனி உரிமை வழங்கியது. 2012-ஆம் வருஷத்துத் திருத்தம், பாட்டெழுதினவரும் இசையமைத்தவரும் பெறவேண்டிய பங்கை அவர்களே விரும்பினாலும் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காப்புச் செய்தது.

இதற்கிடையில் கருவியும் மலிந்தது. 1980-களில் ஒலிநாடா வந்து, நாட்டுப்பாட்டும் அம்மன் பாட்டும் சிறு கம்பெனிகள் மூலமாகத் திருவிழாப் பந்தல்களை நிறைத்தன. மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் வல்லவன் தொகுப்பையும், இங்கே ஹிப்ஹாப் தமிழா 2012-இல் ஹிப்ஹாப் தமிழன் தொகுப்பையும், சினிமாவின் நிழல் இல்லாமலே வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் கொண்டு, சம்பவத்தைக் கேட்ட சூட்டோடு பாடும் குஜிலிப் பாட்டின் மரபையே புதுப்பித்தது. 2021 மார்ச்சில் தீ, அறிவு என்ற பாடகர்களின் குரலில் வெளியான எஞ்சாயி எஞ்சாமி உலகத்தைச் சுற்றி வந்தது. ஆனால் அந்தப் பாட்டிலேயே யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் எழுந்ததையும், அதனால் வரவேண்டிய பணம் தங்களுக்கு வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் பகிரங்கமாகச் சொன்னதையும் நாம் கண்டோம். வழி திறந்துவிட்டதனால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே பாடம்.

ஆகவே, இன்று வடக்கனந்தலிலோ வெள்ளிமலையிலோ பாட்டு வெளியிடப் புகும் இளைஞர்கள், காலணாப் புத்தகத்தின் சரித்திரத்திலிருந்து இரண்டு தர்மங்களைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்பது என் கருத்து. முதலாவது, பதிவு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் சேர்ந்த சர்வதேச அடையாளக் குறி ஒன்று இன்று கொடுக்கப்படுகிறது. 1867-ஆம் வருஷத்து அட்டவணை செய்த வேலையின் ஒரு பகுதியை அது செய்கிறது. அதைப் பெறாமலும், எழுதினவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் ஆகியோரின் பெயரையும் பங்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளாமலும், விநியோகக் கம்பெனியின் உடன்படிக்கையைக் கடைசி வரி வரையில் படிக்காமலும் எந்தப் பாட்டையும் வெளியே விடலாகாது. 1969 முதல் இயங்கிவரும் பாட்டுரிமைச் சங்கத்தில் அங்கத்தினராவதும் அவசியம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு ஒலிக்கும்போது எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பங்கை வசூலித்துக் கொடுப்பது அதுவே.

இரண்டாவது தர்மம் முதலாவதைவிடப் பெரியது. மலையில் ஒரு பாட்டியின் வாயிலிருந்து கேட்ட மெட்டை எடுத்து, அதற்குப் புதிய தாளம் சேர்த்துத் தன் பெயரால் வெளியிடுபவர், அன்றைய இசைத்தட்டுக் கம்பெனி பாடினவர்களுக்குச் செய்த அநியாயத்தைத் தாமும் செய்தவராகிறார். கட்டினவர் இன்னாரென்று தெரியாத பழம்பாட்டைச் சட்டம் காப்பது அரிது. ஆதலால் பாடுகிறவரின் மனச்சாட்சிதான் காக்க வேண்டும். யாரிடம் கேட்டோம், எந்த ஊரில் கேட்டோம், எந்தக் கூத்து வாத்தியாரிடம் அந்த மெட்டைக் கற்றோம் என்பதை அவர்கள் சம்மதத்தோடு பாட்டின் கீழே எழுதுங்கள். வருமானம் வந்தால் அவர்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் அந்தப் பதிவின் பிரதி ஒன்றையும் வார்த்தைகளின் கைப்பிரதி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பெருக்கும் கருவி பாட்டுக்காரரின் கைக்குத் திரும்பி வந்திருக்கும் இக்காலத்திலாவது, கல்வராயன் மலைச்சாரலில் பிறக்கும் பாட்டு ஒன்றுகூடக் கட்டினவரின் பெயர் இல்லாமல் உலகத்துக்குப் போகக் கூடாது.