இலுப்பைப் பூவிலிருந்து கறுப்புத் திராட்சைக்கு: குர்லாவின் வீட்டு ஒயின் கடந்து வந்த வழி

மும்பையின் குர்லா மேற்கில் கிறிஸ்டியன் காவ் என்று அழைக்கப்படும் பழைய குடியிருப்பின் சந்துகளில் கிறிஸ்துமஸை ஒட்டி நடந்தால் ஒரு வாசனை வரும். ஊறிய திராட்சையும் கிராம்பும் பட்டையும் கலந்த, சற்றே புளித்த வாசனை. வீட்டின் இருட்டு மூலையில் வாயில் துணி கட்டிய பீங்கான் ஜாடி ஒன்று இருக்கும். நம் வீடுகளில் ஊறுகாய் போடும் அதே ஜாடி. இங்கே அதற்குப் பெயர் பர்ணி. திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கொதித்து ஆறிய நீர். இந்த ஒயின் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பழக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. ஜாடிக்குள் பெரும்பாலும் கடையில் வாங்கிய பொருளே இருப்பதற்குக் காரணம் போர்ச்சுகலில் இல்லை. பிரிட்டிஷ் கால ஆப்காரி எனும் மதுவரிச் சட்டங்களில் இருக்கிறது. மரத்திலிருந்தும் காட்டிலிருந்தும் எடுத்துப் புளிக்கவைத்த ஒரு மக்கள், எழுபது எண்பது ஆண்டுகளில் பெரும்பாலும் கடைப் பொருளையே புளிக்கவைக்கும் மக்களாக மாறிய கதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

குர்லி என்றால் நண்டு. சதுப்பும் உப்பங்கழியும் சூழ்ந்த சாஷ்டித் தீவின் தென்கோடியில் இருந்த இந்த ஊருக்கு நண்டின் பெயர் வந்தது பொருத்தமே. 1534 வசை உடன்படிக்கைக்குப் பிறகு இப்பகுதி போர்த்துக்கீசியர் கைக்குப் போனது; 1730களின் இறுதியில் மராத்தியரிடமும், 1774இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. போர்த்துக்கீசியர் காலத்தில் கிறிஸ்தவம் தழுவிய, மீனவர்களான கோலிகள், உழவர்களான குண்பிகள், கள் இறக்கும் பண்டாரிகள் முதலானோரின் வழிவந்தவர்களே இன்றைய கிழக்கிந்தியர் சமூகத்தார். ‘ஈஸ்ட் இந்தியன்’ என்ற பெயரை அவர்கள் விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887இல் தாமே தேர்ந்துகொண்டார்கள். கோவாவிலிருந்து வேலை தேடி வந்த கிறிஸ்தவர்களிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவே அந்தப் பெயர். வீட்டு மொழி மராத்தியின் ஒரு வட்டார வழக்கு. மண்ணின் மக்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இவர்களது மது மரபு மதம் மாறிய பிறகு தொடங்கியதல்ல.

கடற்கரைச் சமூகங்களில் வீட்டில் மது வடிப்பது எவ்வளவு பழையது என்பதைத் தமிழ் வாசகருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் நடக்கும் ஒரு மது ஆக்கத்தைச் செய்முறை போலவே விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆறவிட்டு, முளையரிசி மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலுவான வாயுள்ள சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பார்கள். முளைவிட்ட தானியத்தில் உண்டாகும் நொதிதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. பெயர் தெரியாமலே அந்த நொதியைக் கையாளும் கைப்பழக்கம் அந்த வரிகளில் இருக்கிறது. அதே நூலில் இல்லத்தில் ஆக்கும் நெல் மதுவுக்குத் தோப்பி என்ற தனிப் பெயரே வருகிறது. வீட்டு மதுவுக்குத் தனிச் சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. பம்பாய்க் கரையின் கோலிப் பெண்களைப் பற்றி இப்படி ஒரு பழம்பாடல் நம்மிடம் இல்லை. ஆனால் மீனும் நெல்லும் பனையும் ஒன்றாக இருக்கும் கரையில் சாடியும் இருக்கும்.

சாஷ்டித் தீவில் அடிப்படைப் பானம் கள். தென்னை, பனை, ஈச்சை மூன்றிலும் இறக்கினார்கள். இறக்கும் தொழில் பண்டாரிகளுடையது. கள்ளை வெறும் போதைப்பொருளாகப் பார்த்தால் அந்தச் சமையலறையே விளங்காது. கல்யாண வீடுகளில் பொரித்தெடுக்கும் ஃபுகியா என்ற உருண்டை மாவுப் பலகாரம் கள்ளில்தான் புளித்து உப்பியது. விந்தாலுவுக்குத் தேவையான காடியும் நாள்பட்ட கள்ளிலிருந்துதான் வந்தது. ஆகவே கள்ளுக்கு விதிக்கப்பட்ட வரி பலகாரத்தையும் குழம்பையும் சேர்த்தே தொட்டது.

கள்ளுக்கு அடுத்தது இலுப்பைப் பூ. மராத்தியில் மோஹா, இந்தியில் மஹுவா. நம் ஊர் இலுப்பையின் நெருங்கிய உறவு. மார்ச், ஏப்ரலில் விடியுமுன் உதிரும் சதைப்பற்றுள்ள பூவைப் பொறுக்கிக் காயவைத்தால், காய்ந்த எடையில் பெரும்பங்கு சர்க்கரைதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் சொல்வது உவமை மட்டும் அல்ல, வேதியியல் உண்மையும்கூட. தாணே மாவட்டத்தின் வார்லி, காதோடி, தாக்கூர் பழங்குடிகளுக்கு இந்தப் பூ பஞ்ச காலத்து உணவு, மாட்டுத் தீவனம், மது மூன்றுமாக இருந்தது. நீரில் ஊறவைத்தால் தானே நொதிக்கும்; அதை அப்படியேயும் குடிக்கலாம், மண்பானையில் வடித்தும் எடுக்கலாம். குர்லா அப்போது அந்தத் தாணே மாவட்டத்தின் ஓர் ஊர். 1920இல் புறநகர் மாவட்டம் உருவாகும் வரை அப்படியே இருந்தது. எனவே தாணேயின் காடுகளைக் கட்டுப்படுத்திய சட்டம் குர்லாவின் அடுப்படியையும் கட்டுப்படுத்தியது.

1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம்தான் திருப்புமுனை. ஊர்தோறும் இருந்த சிறு வடிப்புகளை ஒழித்து, உற்பத்தியைப் பெரிய வடிசாலைகளில் குவித்து, விற்பனை உரிமையை ஏலத்தில் விடுவது அதன் நோக்கம். ஆப்காரி ஆணையர் சார்லஸ் பிரிட்சர்ட் இந்தக் கொள்கையின் முதன்மை வடிவமைப்பாளர். துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலிருந்த உரண் ஊரில் பெரும்பாலும் பார்சிகளுக்குச் சொந்தமான வடிசாலைகள் இருந்தன. குஜராத்தின் பஞ்சமஹால் பக்கத்திலிருந்து வந்த இலுப்பைப் பூவை அவை சாராயமாக்கிப் பம்பாய்க்கு அனுப்பின. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி வந்தது, அந்த வரி உயரவும் செய்தது. பண்டாரிகள் மனு மேல் மனு போட்டார்கள். முற்றத்தில் நிற்கும் தன் பனையில் தானே கள் இறக்கிக்கொள்ள அரசின் சீட்டு வேண்டும் என்ற நிலை அப்போது பிறந்தது.

மலிவான கள்ளும் வீட்டு வடிப்பும் இருக்கும்வரை வரி கட்டிய வடிசாலைச் சரக்கு விற்காது. அதனால்தான் அடுத்த அடி பூவின் மேலேயே விழுந்தது. 1892ஆம் ஆண்டின் பம்பாய் மௌரா சட்டம் தாணே, கொலாபா மாவட்டங்களில் இலுப்பைப் பூவைச் சேகரிப்பதையும் சேர்த்துவைப்பதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பூவே மதுவல்ல, அது உணவும் தீவனமும் என்று எதிர்ப்பாளர்கள் வாதாடினார்கள். இந்த மாவட்டங்களில் அதற்கு மதுவைத் தவிர வேறு பயன் இல்லை என்பது அதிகாரிகளின் பதில். காலனிய ஆட்சியின் மது வரலாற்றை ஆராய்ந்த டேவிட் ஹார்டிமனும் இந்திரா முன்ஷியும் இந்தக் கொள்கையின் உள்நோக்கம் வருவாய் என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்வை பழங்குடிகள் மீது இருந்தது. நான் கேட்பது வேறு கேள்வி: பூவும் கள்ளும் கைநழுவிய பிறகு, நகரத்து விளிம்பில் இருந்த கிறிஸ்தவக் கிராமத்தின் ஜாடியில் என்ன போட்டார்கள்?

விடை ரயில் பாதையில் இருக்கிறது என்பது என் முடிவு. 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் ரயில் இந்தப் பகுதி வழியாகத்தான் போனது. பிறகு ஆலைகள் வந்தன. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886இல் வாங்கிச் சுதேசி மில் என்று பெயரிட்ட ஆலை குர்லாவில்தான் இருந்தது. வயல் வேலையிலிருந்து சம்பள வேலைக்கு ஊர் நகர்ந்தபோது, பொறுக்கி எடுக்கும் நேரமும் காடும் சுருங்கின. கையில் காசும் பக்கத்தில் கடையும் வந்தன. உலர்திராட்சைக்கும் சர்க்கரைக்கும் இஞ்சிக்கும் ஆப்காரிச் சீட்டு தேவையில்லை. நம் பழமொழி இங்கே தலைகீழானது: ஆலைச் சர்க்கரை வந்த ஊரில் இலுப்பைப் பூ குற்றமானது. கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், திருமணம் என்ற சடங்குகளின் மதிப்பும் ‘ஒயின்’ என்ற ஐரோப்பியப் பெயரும் இந்தப் புதிய ஜாடிக்குக் கவசமாயின. போர்த்துக்கீசியர் பங்கை நான் காண்பது இந்தக் கவசத்தில்தான்.

ஜாடியின் கணக்கையும் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு ஒரு கிலோ கறுப்புத் திராட்சைக்கு ஏறக்குறைய அதே எடைச் சர்க்கரை, ஒன்றரை லிட்டர் நீர், ஒரு பிடி கோதுமை, சிறிது ஈஸ்ட். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். இந்த அளவில் லிட்டருக்கு 400 கிராமை ஒட்டிய சர்க்கரை இருக்கிறது. ஆனால் ஈஸ்ட் 12 முதல் 15 சதவீத ஆல்கஹாலில் தானே சோர்ந்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். வீட்டு ஒயின் தித்திப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். குளிர்பதனம் இல்லாத வீட்டில் அது பல மாதம் கெடாமல் இருப்பதற்கு அந்த ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்ந்தே காரணம். கோதுமை ஈஸ்டுக்கு நைட்ரஜன் ஊட்டம் தருகிறது. தினமும் மரக்கரண்டியால் கிளறுவது மேலே மிதக்கும் தோலை அமிழ்த்திப் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது. ஈரக் கரண்டி கூடாது என்பது மூத்த பெண்களின் கட்டளை. அதில் ஒரு நுண்ணுயிரியல் பாடமே அடங்கியிருக்கிறது. மூன்று வாரம் கழித்து வடிகட்டி, தெளியவிட்டு, கருகவிட்ட சர்க்கரையால் நிறம் கூட்டி, கறுப்புப் புட்டிகளில் அடைப்பார்கள். கோடையில் இடித்த பாட்டில் மசாலாவை அடைக்கவும் இதே மாதிரிப் புட்டிகள்தான்.

கிமாட் என்ற பானத்தில் இந்த வரலாறு இன்னும் தெளிவாகப் படிந்திருக்கிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்ற மணப்பொருள்களை நீரில் கொதிக்கவிட்டு, கருகவிட்ட சர்க்கரை சேர்த்து, நாட்டுச் சாராயம் கலந்து சூடாகத் தருவது கிமாட். திருமணத்துக்கு முந்தைய நாள் வாத்தியத்தோடு கிணற்றுக்குப் போய் நீர் எடுத்துவரும் உம்பராச்சே பாணிச் சடங்கிலும், அக்டோபரின் அறுவடைத் திருநாளான அகேராவிலும் இது இடம்பெறும். கிணறுகள் தூர்ந்து வயல்கள் கட்டடமான பிறகும் கிமாட் நின்றுவிடவில்லை.

அடுத்து வந்தது மதுவிலக்கு. 1939 ஆகஸ்ட் 1 அன்று காங்கிரஸ் அமைச்சரவை, டாக்டர் கில்டர் ஆப்காரி அமைச்சராக இருக்க, பம்பாயில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த அது, மொரார்ஜி தேசாயின் முனைப்பில் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டமாக இறுகியது. 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதவை என்றது, அடிப்படை நின்றது. அமெரிக்க மதுவிலக்குச் சட்டம்கூட வீட்டில் பழச்சாறும் ஆப்பிள் சாறும் தயாரிக்க ஒரு சந்து விட்டிருந்தது. அதன் வழியாக வீட்டு ஒயின் பெருகியது. பம்பாய்ச் சட்டம் பலிபூசைக்கான ஒயினுக்கு அனுமதி முறை வைத்தது, பாட்டியின் ஜாடிக்கு வைக்கவில்லை. புளிக்கவிடாமல் காய்ச்சி எடுக்கும் இஞ்சி ஒயின் இந்தச் சமூகத்தில் இவ்வளவு வேரூன்றியதற்கு இந்த நெருக்கடியும் துணைசெய்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பெயரில் ஒயின், உள்ளே சட்டம் தொட முடியாத கஷாயம்.

மதுவிலக்குக் காலத்தில் வீட்டு அறைகளே மறைவான குடியிடங்களாகின. பம்பாய் அவற்றை ‘ஆன்ட்டி’ வீடுகள் என்றது. கைம்பெண்களும் வேலையிழந்த வீட்டுப் பெண்களும் அதில் பிழைத்தார்கள் என்பதை மறந்து அந்தச் சொல்லைக் கொச்சையாகப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. இன்னொரு பக்கம், தாராவியின் சதுப்பு ஓரங்களில் நவசாகரமும் அழுகிய வெல்லமும் போட்டு வடிக்கும் கள்ளச்சாராயத் தொழில் வளர்ந்தது. அதில் நம் தமிழர் பங்கு சிறிதல்ல. அந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த வரதராஜ முதலியாரின் பெயரே அதற்குப் போதும். 2004 டிசம்பரில் விக்ரோலியிலும் 2015 ஜூனில் மால்வணியிலும் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்டார்கள். மால்வணியில் மட்டும் நூறுக்கு மேல். அந்தச் சாராயத்தையும் ஜாடி ஒயினையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. பழத்தின் பெக்டினிலிருந்து மெத்தனால் மிகச் சிறிதளவே உண்டாகும். மால்வணியில் கொன்றது தொழிற்சாலை மெத்தனால். லாபத்துக்காகக் கலந்தது, ஏழைகளுக்கென்றே விற்றது.

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் மகாராஷ்டிரம் மதுவிலக்கைத் தளர்த்தி, உரிமம் பெற்ற நாட்டுச் சாராயத்துக்கு வழிவிட்டது. 2001இன் திராட்சைக் கொள்கை நாசிக்கின் ஒயின் ஆலைகளுக்குச் சலுகைகள் தந்தது. குடும்பத் தேவைக்கு வைக்கும் ஜாடிக்கு இன்றும் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. ஆலைத் திராட்சைக்கு ஊக்கமும் அடுப்படித் திராட்சைக்கு மௌனமும் என்பது 1878இன் தர்க்கமேதான். கேரளம் 2022இல் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. மகாராஷ்டிரமும் அதைப் பரிசீலிக்கலாம்.

கடைத் திராட்சைக்கு முன்னிருந்த மரபில் இந்த வீடுகளில் இன்னும் எஞ்சியிருப்பது நாவல். ஜூன் மழையில் நாவல் மரங்களின் அடியில் தரை ஊதாவாகும். விழுந்த பழத்தில் நசுங்காததைப் பொறுக்கி, துடைத்து, அதே பர்ணியில் போடுவார்கள். நாவலின் துவர்ப்பு அடங்க மாதங்கள் பிடிக்கும். முதல் மழைக்குக் கட்டிய துணியை டிசம்பரில்தான் அவிழ்ப்பார்கள்.