சூலை நோய் (திருநாவுக்கரசர்)

7ஆம் நூற்றாண்டுச் சைவ அடியாரான திருநாவுக்கரசரை வாட்டிய கொடிய வயிற்று நோய். அவர் தருமசேனர் என்ற பெயரில் சமணராகப் பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், வாழ்ந்தபோது இந்நோய் கண்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. உடனிருந்தோர் செய்த சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. பண்ருட்டியை அடுத்த திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம், இரவோடிரவாக வந்து சேர்ந்தார். தம்பிக்குத் திருநீறு அளித்த தமக்கை, விடியுமுன் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு அவ்வூர் வீரட்டானக் கோயிலைப் பெருக்கி மெழுகச் சென்றபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே நாவுக்கரசர் பாடிய பதிகத்தால் நோய் நீங்கியது என்பது மரபு. 4ஆம் திருமுறையின் முதற்பதிகம் அதுவே.

சாவை நெருங்கிக் காண்பவர் வாழ்வைப் பற்றி என்ன அறியலாம் என்பதற்கு இவ்வரலாறு தெளிவான விடை தருகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரத்தில் இயற்றியது 12ஆம் நூற்றாண்டில்தானே என்று ஐயுறலாம். ஆனால் வயிற்று வேதனையை அப்பதிகமே நேரடியாகப் பேசுகிறது. பிழைத்தவரின் கதை பிழைக்காதவருக்கு எப்படிப் பொருந்தும் என்றும் கேட்கலாம். பாடம் குணமானதில் இல்லை. கல்வியால் தலைமை பெற்றவர் தமக்கையின் துணையை நாடினார். பிறகு தமக்கையின் வழியிலேயே உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். பிறரைச் சார்ந்திருப்பது இழிவன்று, எஞ்சிய நாள்கள் தொண்டுக்கு உரியவை என்பதே அவர் கற்றது. இதனால் வலியைப் போற்ற வேண்டியதில்லை. அவரும் அதை நீக்கும்படியே வேண்டினார். 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய நோய்த்தணிப்பு இல்லமும் இந்த வரிசையையே பின்பற்றியது: முதலில் வலி தணிய வேண்டும், அருகில் ஆள் இருக்க வேண்டும், அதன்பின்தான் மனிதருக்கு வாழ்வைப் பற்றிச் சிந்திக்க இடம் கிடைக்கும்.