வடம் அறுத்த கிழங்கு

தம்போயில் அண்ணன் வீட்டு ஹாலில், படிவம் நான்கு உயிரியல் புத்தகத்தை விரித்துப் போட்டு, செல் இரண்டாகப் பிரியும் படத்தை வரைந்துகொண்டிருந்தாள் அண்ணன் மகள். வட்டத்துக்குள் சிவப்புப் பென்சிலில் நான்கே நான்கு நெளிவுகள். மனிதனுக்கு 46 என்று பக்கத்தில் அச்சாகியிருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சித்தப்பா, நாப்பத்தாறுன்னு யாரு எண்ணிப் பார்த்தா?"

"விஞ்ஞானிங்கதாம்மா."

"அது தெரியும். யாரு?"

அன்றைக்குத் தேத்தண்ணீரைச் சாக்காக வைத்துத் தப்பித்தேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தால், விடைக்குப் போகும் பாதை ஒரு கிழங்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதுவும் நம்ம ஊர்க் கிழங்கின் உறவுக்காரக் கிழங்கு.

முதலில் எண்ணப்பட்ட பொருளைப் பார்த்துவிடுவோம். 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் கார்க் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். துறவிகள் தங்கும் சின்னச் சின்ன அறைகள் மாதிரி தெரிந்ததால் 'செல்' என்று பெயரிட்டார். நம் பத்திரிகைகள் அதை உயிரணு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் கலம் என்கின்றன. அறையைச் சுற்றி மெல்லிய சவ்வு, உள்ளே எரிசக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா, நடுவில் உட்கரு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே இருக்கும் அந்த உட்கருவுக்குள், இழுத்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரக்கூடிய டிஎன்ஏ நூல் அடைந்து கிடக்கிறது. சாதாரண நேரத்தில் அது ஒரு தட்டு மீ கோரெங். எத்தனை இழை என்று யாராலும் எண்ண முடியாது.

செல் பிரியும்போது மட்டும் கதை மாறுகிறது. நூல் முழுவதும் முதலில் நகலெடுக்கப்படுகிறது. பிறகு சுருண்டு சுருண்டு குட்டையான தண்டுகளாகிறது. இவைதான் குரோமோசோம்கள். எல்லாம் செல்லின் நடுவில் வரிசை கட்டி நிற்க, இரண்டு முனைகளிலிருந்தும் இழைகள் வந்து பற்றுகின்றன. தேருக்கு இரண்டு பக்கமும் வடம் பூட்டி எதிரெதிராக இழுப்பதுபோல ஒவ்வொரு தண்டின் அசலும் நகலும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேருகின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் இந்த இழுபறிக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். எண்ண வேண்டியவன் அந்த ஒரு மணி நேரத்தில் பிடிக்க வேண்டும். தேர் ஓடும்போது எண்ணுவது எப்படி? வடத்தை அறுத்துவிட்டால் தேர் நின்றுவிடும். வடத்தை அறுக்கும் கத்தி பல நூற்றாண்டுகளாக மருந்துக்கடையில் கிடந்தது. கத்தி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கருங்கடல் கரையில், இன்றைய ஜார்ஜியாவில் கொல்கிஸ் என்று ஒரு நாடு இருந்தது. கிரேக்கக் கதைகளில் வரும் சூனியக்காரி மெடியாவின் ஊர். அந்தப் பெயரைச் சுமந்த கொல்கிகம் என்ற பூச்செடியின் குமிழ்க்கிழங்கு கொடிய நஞ்சு என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் ட்ராலஸ் ஊர் வைத்தியர் அலெக்சாண்டர் அதே இனத்துக் கிழங்கைப் பெருவிரல் கீல்வாதத்துக்குக் கொடுத்தார். 'யூரிக் ஆசிட் ஏறிடுச்சு' என்று நம்மவர்கள் நொண்டுகிறார்களே, அதே வலி. இப்னு சீனாவும் அதைச் சிபாரிசு செய்தார். யூனானி கடைகளில் இன்றும் அதன் பெயர் சூரிஞ்சான்.

ஐரோப்பா இடையில் அதை மறந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உசோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாமல், 'மருத்துவத் தண்ணீர்' என்று புட்டியில் அடைத்து விற்றார். குடித்தவர்களுக்கு வலி போனது. சிலருக்கு வயிறும் சேர்ந்து போனது. போட்டிப் புட்டிகளும் சந்தைக்கு வந்தன. 1814இல் ஜான் வான்ட் என்ற லண்டன் மருத்துவர் ரகசியத்தை உடைத்தார்: பழைய கொல்கிகம்தான். 1820இல் பெல்த்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு மருந்தாளர்கள் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அதே இருவர் பிரித்தெடுத்த இன்னொன்று கொய்னா. மலாயாத் தோட்டங்களில் காய்ச்சலுக்குக் கொய்னா விழுங்கிய நம் பாட்டன்மார்களுக்கும் அந்த இருவரோடு கணக்கு உண்டு. கிழங்கின் சத்துக்குக் கொல்கிசின் என்ற பெயர் நின்றது.

இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் தமிழகக் காடுகளில் ஒரு கொடி வேலியேறிக்கொண்டிருந்தது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களில் முதலில் நிற்கும் செங்காந்தள் அது. கார்த்திகைப் பூ என்றாலும் அதுதான். கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு. கொங்கு நாட்டில் கண்வலிக் கிழங்கு. கொல்கிகத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை முறை. ஒரே தாவரக் குடும்பம். நஞ்சும் ஒன்றே என்று 1915இல்தான் தெரியவந்தது. பூவுக்குத் தமிழ் கொடுத்த முதல் மரியாதையைப் பார்த்தால், வேரடியில் என்ன இருக்கிறது என்பதும் அந்த மலைவாசிகளுக்குத் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நுண்ணோக்கிப் பக்கம். செல் பிரிவதை 1882இல் வால்தர் ஃபிளெமிங் படம் படமாக வரைந்தார். சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் செல்கள் பெரியவை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். என் அண்ணன் மகளின் சிவப்பு நெளிவுகளுக்கு அவர்தான் பாட்டனார். 1889இல் பெர்னிச்சே என்ற சிசிலி மருத்துவர், கொல்கிகம் கொடுத்த நாய்களின் குடலில் பாதியில் நின்றுபோன செல்பிரிவுகளை ஏராளமாகப் பார்த்தார். எழுதியும் வைத்தார். யாரும் படிக்கவில்லை. 1934இல் பிரஸ்ஸல்ஸில் டஸ்டின் என்பவரின் ஆய்வுக்கூடம் அதையே மறுபடி கண்டுபிடித்தது.

நடுவில் ஒரு பெரிய தப்புக் கணக்கு நடந்தது. வெளியூரில் தம்போய் என்று சொன்னால் சிலர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். தம்போய் என்பது ஒரு காட்டுப் பழத்தின் பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே மனநல மருத்துவமனை இருப்பது மட்டும் தெரியும். மனிதக் குரோமோசோம் பற்றிய அந்தத் தப்புக் கணக்கும் அப்படி ஒரு மருத்துவமனையில்தான் தொடங்கியது. டெக்சஸ் மனநல விடுதியில் விதையடிக்கப்பட்ட நோயாளிகளின் திசுவை வாங்கி, சீவிச் சாயமிட்டுப் பார்த்தார் தியோஃபிலஸ் பெயின்டர். சீவலில் தண்டுகள் வெட்டுப்பட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடந்தன. 46ஆ 48ஆ என்று தடுமாறி, 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எண்ணிய பலருக்கும் 48தான் வந்தது. புத்தகத்தில் 48 என்று இருந்ததே காரணம் என்பேன். உண்மையில் 48 சிம்பன்சியின் கணக்கு.

தோட்டக்காரர்கள் இதற்குள் கிழங்கின் நஞ்சைக் கையில் எடுத்துவிட்டார்கள். வடம் அறுந்த செல்லில் நகலும் அசலும் ஒரே அறையில் தங்கிவிடும், குரோமோசோம் இரட்டிப்பாகும். 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லி தாவரங்களில் இதைச் செய்துகாட்டினார். ஜப்பானில் கிஹாரா அந்த வழியில் விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கினார். நம் பழக்கடையில் விதை துப்ப வேண்டாத தர்ப்பூசணியைக் கீற்றுப் போட்டு விற்கிறார்களே, அதன் வம்சக் கதையிலும் இந்தக் கிழங்கு உண்டு. சுவீடனில் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் கொல்கிசினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1952இல் ஒரு விபத்து. டெக்சஸில் வேலை பார்த்த சீனர் டி. சி. சூ ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, குரோமோசோம்கள் எறிந்த சோழிகள் மாதிரி தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. செல்லைக் கழுவும் உப்புக் கரைசலில் யாரோ தண்ணீரை அதிகம் ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே புகுந்து செல் உப்பி, தண்டுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊற்றிய புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் சூ எழுதிய எண் 48!

இப்போது நம் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். ஜாவாவின் பெக்கலோங்கானில் 1919இல் சீனக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோ ஹின் சியோ. அப்பா புகைப்படக்காரர். மகன் படித்தது வேளாண்மை. உருளைக்கிழங்கு இனவிருத்தியில் வேலை செய்தார். ஜப்பானியர் காலத்தில் முகாமில் அடைபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். போர் முடிந்து ஐரோப்பா போனவர் ஸ்பெயினில் வேலை பார்த்தபடி, விடுமுறைகளில் சுவீடனின் லுண்ட் நகரில் லெவானிடம் வந்து ஆராய்ச்சி செய்தார். கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கொல்கிசினால் வடத்தை அறுத்து, சூ பாணியில் தண்ணீரூட்டி, கண்ணாடியில் நசுக்கிப் பரப்பினார். 1955 டிசம்பர் 22. எண்ணினார், 46. திரும்பத் திரும்ப 46. அப்பனுக்குப் பிள்ளையாகத் துல்லியமான படமும் எடுத்து வைத்தார். 1956இல் கட்டுரை வந்தது. யார் பெயர் முதலில் என்று லெவானோடு தகராறு வந்து, சியோ விட்டுக்கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

உருளைக்கிழங்குக்காரர் ஒருவரும் வெங்காயக்காரர் ஒருவரும் சேர்ந்து மனிதனை எண்ணி முடித்தார்கள். மனித உடம்பின் மிக அடிப்படையான கணக்கு காய்கறித் தோட்டத்திலிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

எண் சரியானதும் கதவுகள் மளமளவென்று திறந்தன. 1959இல் பாரிசில், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் 47 இருப்பது தெரிந்தது. 1960இல் இன்னொரு தற்செயல்: ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கட்டியாக்கி ஒதுக்க ராஜ்மா பருப்பின் சாற்றைக் கலந்தபோது, வெள்ளையணுக்கள் பிரியத் தொடங்கியதை பிலடெல்பியாவில் பீட்டர் நோவல் கவனித்தார். அதன்பிறகு குரோமோசோம் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமே போதும் என்றானது. மறுபடியும் சமையலறை!

கத்தி எங்கே வெட்டுகிறது என்று 1967இல் சிகாகோவில் கண்டார்கள். வடம் என்பது டியூபுலின் என்ற புரதக் கற்களை அடுக்கிக் கட்டிய குழாய். கொல்கிசின் அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டால் மேலே அடுக்க முடியாது. செல்லுக்குள் சரக்குப் போகும் தண்டவாளமும் அதே குழாய்தான். மூட்டை நோக்கிப் பாயும் வெள்ளையணு தடுமாறுவதும், வீக்கம் அடங்குவதும் இதனால்தான். அளவு மீறினால் குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் என்று ஓயாமல் பிரியும் செல்கள் முதலில் அடிவாங்குகின்றன. பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டுவது அதனால்தான்.

இன்று செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பந்தல் கட்டிப் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை வேளைகளில் ஆட்கள் பந்தலுக்குள் நுழைந்து, பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். விளையும் விதை கொல்கிசினுக்காகக் கப்பலேறுகிறது.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். "பெக்கலோங்கானா, பாத்திக் துணி வருமே, அந்த ஊரா?" என்று மட்டும் கேட்டாள். அதே ஊர்தான்.

உங்கள் வேலியிலும் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான பூ இருக்கலாம். பார்த்து ரசியுங்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கிழங்கைத் தோண்டி எடுக்காதீர்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே அதில் இடைவெளி மிகக் குறைவு. முறிக்க மருத்துவமனையில் மாற்றுமருந்தும் கைவசம் இல்லை.