பழனி மலைப் பறவைகளும் மேலேறும் வெப்பமும்

கொடைக்கானலுக்கு மேற்கே போளூர், கவுஞ்சி, பூண்டி, மன்னவனூர் ஆகிய ஊர்கள் அமைந்த மேல்பழனி மலையில், மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக ஒரு குளிர்நிலம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையின் உச்சி 2,500 மீட்டரைச் சற்றே தாண்டும். இங்குள்ள சில பறவைகளுக்குக் கீழே இறங்க வெப்பம் தடை. மேலே ஏற இடமில்லை. பருவநிலை மாற்றத்தால் பறவைகளின் வாழ்பரப்பு எப்படி மாறும் என்ற கேள்வி இந்த மலையில் கூர்மையாக எழுவது இதனால்தான்.

அந்தக் கேள்விக்கு விடை தேட முதலில் தேவைப்படுவது பழைய பதிவு. அகமதுநகரில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க் 1860களில் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியை 1868இலும், பழனிச் சிரிப்பானை 1869இலும் இயற்கையியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சிரிப்பானின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்கின் பெயர் இன்றும் இருக்கிறது. பழனி மலைப் பறவைகள் பற்றி ஃபேர்பேங்க் தொகுத்த பட்டியல் 1877இல் ஏ. ஓ. ஹியூமின் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் வெளிவந்தது. இன்றைய நிலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடித்தளத்தை அந்தத் தலைமுறை விட்டுச் சென்றது.

ஒரு பறவை எங்கே வாழும், எங்கே வாழாது என்பதைத் தட்பவெப்பத்தோடு இணைத்து விளக்கும் சிந்தனை கலிஃபோர்னியாவில் வலுப்பெற்றது. 1917இல் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னல் ஒரு பறவையின் வாழ்பரப்பை அதன் சூழல் தேவைகளைக் கொண்டு விளக்கினார். அவர் குழு சியரா நெவாடா மலையில் கணக்கெடுத்த அதே இடங்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிற ஆய்வாளர்கள் மீண்டும் ஆய்ந்தபோது, 53 இனங்களில் 48 தமக்கு ஏற்ற வெப்பத்தையோ மழையையோ பின்தொடர்ந்து இடம் மாறியிருந்தன. இன்றைய கணினி மாதிரிகளின் அடிப்படையும் இதுவே: பறவை காணப்பட்ட இடங்களின் வெப்பம், மழை ஆகியவற்றைக் கணித்து, வருங்காலத்தில் அதே நிலைமை எங்கே அமையும் என்று தேடுவது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 பாகை குறையும். ஆகவே ஒரு பாகை வெப்பம் கூடினால், பறவை பழைய குளிரைப் பெற ஏறக்குறைய 170 மீட்டர் மேலே போக வேண்டும். பழனி மலையில் அப்படி ஏறுவதற்கு மிச்சமுள்ள உயரம் மிகக் குறைவு. இன்னும் உயர்ந்த மலைக்குப் போகலாமே என்றால், சோலைக்காட்டை விட்டு அரிதாகவே வெளிவரும் சோலைக்கிளிக்கு இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்குகள் பெருந்தடை. மலைத்தொடரைப் பிளக்கும் பாலக்காட்டுக் கணவாய் அதைவிடப் பெரிய தடை. அதற்கு வடக்கே வாழ்வது வேறொரு சோலைக்கிளி இனம்.

ஆனால் வெப்பத்தை மட்டும் வைத்துச் சொல்லும் கணிப்பு இந்த மலையில் பொய்த்துவிடும். மரம் இல்லாத நிலமெல்லாம் வீண் என்ற எண்ணத்தில் வாட்டில், தைல மரம், பைன் ஆகியவை புல்வெளிகளில் நடப்பட்டன, விளைநிலமும் விரிந்தது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973 முதல் 2014 வரை பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததையும், சோலைக்காட்டில் 31 விழுக்காடு குறைந்ததையும், மரத்தோப்புகள் பன்னிரண்டு மடங்கு பெருகியதையும் காட்டியது. புல்வெளியை நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்குக் குளிர் மட்டும் போதாது. குளிர்ந்த உச்சியில் வாட்டில் அடர்ந்திருந்தால், மாதிரி அந்த இடத்தை ‘ஏற்றது’ என்று காட்டினாலும் அது அங்கே தங்காது.

தோப்புகளை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடுவதும் தீர்வாகாது. பைன், வாட்டில் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வளர்வதை வட்டக்கானல் பாதுகாப்பு அமைப்பினர் பல ஆண்டுகளாகக் கவனித்து எடுத்துரைத்தனர். அங்கே சோலைப் பறவைகளுக்கு வாழிடம் திரும்பும் வாய்ப்பு உண்டு. வாட்டில் இன்னும் நுழையாத புல்வெளியின் தேவை வேறு. விதை வந்து விழுமுன் அதைக் காப்பதே முதல் வேலை.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் சுமார் 608 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்போடு தொடர்ந்த பதிவும் தேவை. போளூரிலும் மன்னவனூரிலும் பறவை பார்க்கச் செல்வோர், பறவையின் பெயரோடு இடத்தின் உயரத்தையும் நாளையும், தேடியும் காணாத இனங்களையும் குறித்து வைக்க வேண்டும். அடுத்த நூற்றாண்டின் கணிப்புகள் அந்தக் குறிப்புகளைக் கொண்டே சரிபார்க்கப்படும்.