மாதவி: ஒரு கொடிப்பெயரின் சமூக வரலாறு

மக்கட் பெயர்களை ஆராய்வோர் பெரும்பாலும் சொற்பிறப்போடு நின்றுவிடுகின்றனர். பெயரொன்றின் வேர்ச்சொல்லும் பொருளும் தெரிந்தவுடன் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதும் மனப்பாங்கு நமது புலமை மரபிலே வேரூன்றிவிட்டது. ஆயின் பெயர் என்பது இடப்படுவது. அதனை இடுவோர் உளர், ஏற்போர் உளர், இட மறுப்போரும் உளர். இம்மூன்று சாராரும் எந்தச் சமூக உறவுகளுள் நின்று அதனைச் செய்தனர் என்று வினவும்போதே பெயர் வரலாற்றுச் சான்றாகின்றது. இந்நோக்கிலேயே மாதவி என்னும் பெயரை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். இயற்கையிலிருந்து பிறந்த பெண்பாற் பெயர்களுள் இதனைப்போல் ஏற்றமும் இறக்கமும் கண்டது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

சொல்லைப் பொறுத்தவரை சிக்கல் அதிகமில்லை. மது என்பது தேனையும் இளவேனிலையும் குறிக்கும். வேதகாலப் பஞ்சாங்க மரபில் மது, மாதவ என்பன வசந்தகாலத்து இரு மாதங்களின் பெயர்கள். வசந்தத்திலே பூப்பது ஆதலின் அக்கொடி மாதவி எனப்பட்டது. அமரகோசம் இதற்கு அதிமுக்தம், புண்டரகம், வாசந்தி என்னும் பெயர்களையும் தருகின்றது. இன்று நம்மிடையே வழங்கும் வாசந்தி என்னும் பெண்பெயரும் இதே கொடியினதே என்பதைப் பலர் அறியார். தமிழில் இது குருக்கத்தி. குருகு என்றும் வழங்கும். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப்பட்டியலில் குருக்கத்தியும் இடம்பெறுகின்றது. மாதவன் என்பதன் பெண்பாலாகத் திருமகளையும் நிலமகளையும் குறிக்கும் வைணவ வழக்கு மற்றொரு கிளை. மலையாள, தெலுங்கு நாடுகளில் இப்பெயர் தடையின்றிப் பரவியதற்கு இக்கிளை பெரிதும் உதவியிருத்தல் வேண்டும். கமலா என்று தாமரையின் பெயர் தாங்கிய கேரள எழுத்தாளர் கமலாதாஸ், மலையாளத்தில் எழுதுவதற்கு மாதவிக்குட்டி என்னும் புனைபெயரையே தேர்ந்துகொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கொடியைப் பற்றியும் ஒரு சொல். வடமொழிப் புலவர்களும் தமிழ்ப் புலவர்களும் மாதவியை மெல்லியலாளாகவே பாடினர். மாமரத்தைத் தழுவிப் படரும் கொடி, கணவனைச் சார்ந்து வாழும் மனைவிக்கு உவமையாயிற்று. உண்மையிலோ இது தண்டு தடித்து வன்மரமாகும் ஏறுகொடி. வெண்ணிறப் பூவின் ஐந்து இதழ்களுள் ஒன்று மட்டும் மஞ்சள் தோயும். காய்க்கு மூன்று சிறகுகள் உண்டு, அவற்றின் துணையால் அது காற்றில் வெகுதூரம் செல்லும். மொரீசியஸ், ரெயூனியன் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னர், தான் பற்றிய மரங்களையே மூடி அழிக்கும் படர்கொடியாக இன்று அது அங்கு அஞ்சப்படுகின்றது. சார்ந்து வாழ்வதே பெண்ணின் இயல்பு என்னும் கருத்துநிலைக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள், சாட்சியை நன்கு விசாரிக்கவில்லை போலும்.

இலக்கியத்திற்கு வருவோம். மகாபாரதத்து உத்தியோக பர்வத்தில் யயாதியின் மகள் ஒருத்தி மாதவி. ஒரு காது கறுத்த எண்ணூறு வெண்குதிரைகளைக் குருதட்சணையாகத் தேடித் திரியும் காலவனுக்கு, குதிரை இல்லாத யயாதி தன் மகளைக் கொடுத்துவிடுகின்றான். மூன்று அரசர்கள் ஆளுக்கு இருநூறு குதிரை தந்து அவளிடம் ஒவ்வொரு மகனைப் பெறுகின்றனர். எஞ்சிய இருநூறுக்கு ஈடாக அவள் விசுவாமித்திரருக்கே கொடுக்கப்படுகின்றாள். ஒவ்வொரு பேற்றின் பின்னரும் கன்னிமை மீளும் வரம் அவளுக்கு உண்டு என்று கதை கூறும். பண்டமொன்று கைமாறும்போது அதன் மதிப்புக் குறையாதிருக்க வேண்டுமென்னும் கணக்கு அவ்வரத்துள் ஒளிந்துள்ளது. இறுதியில் சுயம்வரம் கூட்டப்பட்டபோது அவள் மன்னர் எவரையும் வரியாது காட்டையே வரிக்கின்றாள். பீஷ்ம சாஹ்னி இக்கதையை இந்தியில் நாடகமாக்கினார்.

தமிழ் மாதவியும் விலை கூறப்பட்டவளே. சிலப்பதிகார அரங்கேற்று காதையின்படி, ஐந்தாண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அவள் சோழன் அவையில் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையும் பெறுகின்றாள். அம்மாலையைக் கூனி ஒருத்தி செல்வ இளைஞர் உலாவும் தெருவில் ஏந்தி நிற்கின்றாள். மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவன். மாலையை வாங்கியவன் கோவலன், பெருங்குடி வணிகன். இங்கு நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கூனி விலை கூறுமிடத்து மாதவி என்னும் பெயர் வருவதில்லை. கொடி என்றே அவள் சுட்டப்படுகின்றாள். பெண்ணைக் கொடியென்றல் புலவர் வழக்கே. ஆயினும் பெயரே கொடியான ஒருத்தியை விற்குமிடத்தில் அச்சொல் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. ஏழாண்டு உழைப்பும் கலைத்தேர்ச்சியும் மறைந்து, பற்றிப் படர ஒரு கொம்பைத் தேடும் கொடி மட்டும் சந்தையில் எஞ்சுகின்றது.

இப்பெயர் அவளுக்கு வந்த வழியையும் காப்பியமே கூறுகின்றது. அகத்தியரின் சாபத்தால் உருப்பசி மண்ணில் மாதவியாகப் பிறந்தாள். அவ்வழி வந்தவள் இவள். ஆகவே இது குலத்தொழிலோடு வழிவழி வரும் பெயர். தோழியின் பெயர் வசந்தமாலை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, கணிகையர் வீதியில் இளவேனிற் பெயர்களுக்கு ஒரு தனி மதிப்பு இருந்ததோ என எண்ணத் தோன்றுகின்றது. இன்பநுகர்ச்சியின் பருவம் வேனில்; அந்நுகர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டோருக்கு அப்பருவத்தின் பெயர்கள் பொருந்தியமை வியப்பன்று.

மகளுக்குப் பெயரிடும் நிகழ்ச்சியோ முற்றிலும் வேறானது. அடைக்கலக் காதையில் மாடலன் அதனை நினைவூட்டுகின்றான். கோவலனின் முன்னோன் ஒருவன் கடலில் கலமுடைந்து தவித்தபோது காத்த தெய்வம் மணிமேகலை; அத்தெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு இடுமாறு கோவலன் கூறுகின்றான். ஆயிரம் கணிகையர் கூடி வாழ்த்துகின்றனர். பொன் தானமாக வழங்கப்படுகின்றது. தாயின் பெயர் கணிகையர் குலத்தது, மகளின் பெயர் வணிகர் குலத்தது. கடல்வாணிகத்தின் அச்சமும் நன்றியும் ஒரு பெண்குழந்தையின் பெயராக உறைந்துள்ளன. தந்தைவழி உரிமை அவளுக்குக் கிட்டவில்லை. தந்தைவழித் தெய்வத்தின் பெயர் மட்டும் கிட்டியது.

காப்பியகாலத்திற்குப் பின்னர் பெருங்கோயில்களை மையமாகக் கொண்ட நிலவுடைமைச் சமுதாயம் உறுதிபெற்றபோது ஆடல்மகளிரின் பெயரிடு முறையும் மாறியது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு, முதலாம் இராசராசன் பல தலங்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வீட்டு வரிசைப்படி குறிக்கின்றது. அவர்கள் பெயருக்கு முன் நக்கன் என்னும் அடை வருகின்றது. பெயர்களிற் பல தலத்தையும் தெய்வத்தையும் சோழர் குலத்தையும் சார்ந்தவை. மலரும் கொடியும் பின்தள்ளப்பட, உடையவனின் அடையாளமே பெயராகின்றது.

பொதுமக்களிடையே மாதவியின் கதை வேறு வழியில் வாழ்ந்தது. புகழேந்தியார் பெயரில் வழங்கும் கோவலன் கதையில் கண்ணகி கர்ணகியாகவும் மாதவி மாதகியாகவும் திரிந்தனர். இளங்கோ அவளுக்குக் காட்டிய பரிவு அங்கு இல்லை. குடிகெடுக்கும் தாசியாகவே அவள் நிற்கின்றாள். ஈழத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கண்ணகி தெய்வமானாள். கிழக்கில் கண்ணகை என்பது பெண்களுக்கு இடும் பெயராயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வழிவந்த சைவச் சீர்திருத்தம் கண்ணகியைச் சமணச் செட்டிச்சி என ஒதுக்கியதும், கண்ணகி கோயில்கள் சில இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பூண்டதும் நாமறிந்த வரலாறு. கண்ணகிக்கே இக்கதி எனின், அவளுடைய போட்டியாளராகக் கருதப்பட்டவளின் பெயரைக் குடும்பத்துப் பெண்ணுக்கு இடத் துணிவோர் எத்தனைபேர் இருந்திருப்பர்?

மாற்றம் அச்சுடனே தொடங்குகின்றது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்தபின், கற்ற நடுத்தர வர்க்கம் கதைப்பாடலின் மாதகியை விடுத்துக் காப்பியத்தின் மாதவியைச் சந்தித்தது. பிரிந்தபின் மடலெழுதியவளாகவும், கோவலன் இறந்ததறிந்து துறவு பூண்டவளாகவும், மகளைக் கணிகைத் தொழிலில் விடாது பௌத்த நெறியிற் சேர்த்தவளாகவும் அவள் அறியப்பட்டாள். கற்பு என்னும் அளவுகோலை மாற்றாமலே அவளை அதற்குள் அடக்கிக்கொள்ள இது வழிசெய்தது. இதே காலப்பகுதியில் தேவதாசி முறைக்கெதிரான போராட்டம் நிகழ்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிலே குரலெழுப்பினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் தாசிகள் மோசவலை என்னும் நாவலை வெளியிட்டார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மறுபுறம் 1935இல் ருக்மிணி தேவி மேடையேறியதோடு சதிர் பரதநாட்டியமாக உயர்சாதி இல்லங்களுள் நுழைந்தது. பரம்பரையாக ஆடிவந்த பெண்களிற் பலர் தொழிலும் இழந்து மதிப்பும் பெறாது மறைய, அவர்களின் ஆட்டமும் அவர்களுள் முதல்வியாகக் காப்பியம் போற்றிய மாதவியின் பெயரும் மற்றோர் இல்லங்களில் வரவேற்கப்பட்டன. இவ்விரண்டையும் தற்செயல் ஒற்றுமையென நாம் தள்ளிவிட விரும்பவில்லை. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில் 1964இல் வெளிவந்த பூம்புகார் திரைப்படம் இம்மாதவியை எழுத்தறியாதாரிடமும் கொண்டுசென்றது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பள்ளிக்கூட இடாப்புகளில் மாதவி எவரும் முகஞ்சுளிக்காத பெயராகிவிட்டது.

கொடியும் பெண்ணும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதன் முழுப்பயனையும் இளங்கோ ஓரிடத்திலேயே கொள்கின்றார். புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் மடலோடு வரும் கோசிகன் துயரால் உருமாறிய கோவலனை ஐயுறுகின்றான். நேரே கேளாது, அருகில் வேனில் வெம்மையால் வாடிய மாதவிப் பந்தரை விளித்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப்போல் நீயும் வாடினையோ என்கின்றான். அதைக் கேட்டுக் கோவலன் திரும்புகின்றான், ஐயம் தீர்கின்றது. மடலைப் படித்தபின் அவள்மீது குற்றமில்லை என்றும் உணர்கின்றான். சந்தையில் விலைப்பொருளைச் சுட்டிய கொடி இங்கே துன்புறும் மனுஷியைச் சுட்டுகின்றது.

1916இலிருந்து தனித்தமிழ் இயக்கத்தார் வடமொழிப் பெயர்களைத் தேடித்தேடி மாற்றினர், வேதாசலம் மறைமலையானார். முல்லையும் தாமரையும் பெண்களுக்கு இடப்பட்டன. மாதவி மட்டும் பெரிதும் தப்பிக்கொண்டாள். சிலப்பதிகாரத்தில் இருப்பதனாலேயே அது தமிழ்ப்பெயரென மனங்கொள்ளப்பட்டது. குருக்கத்தி என்று தம் மகளுக்குப் பெயரிட்டோரை நாம் அறியோம். அது நாகப்பட்டினப் பகுதியில் ஓர் ஊரின் பெயராக வழங்குகின்றது.