வெடியின்றிக் கல் பிளந்த கதை

மாமல்லபுரம் செல்வோர் தேர்களையும் கடற்கரைக் கோயிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். பாதியில் நின்றுபோன குடைவரைகளின்முன் நிற்போர் மிகச் சிலரே. பல்லவர் காலத்துக் கல்தச்சனின் வேலைமுறை அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. பாறை முகத்தில் கட்டங் கட்டமாகப் பள்ளம் இறக்கி, நடுவில் எஞ்சிய கட்டிகளை அவன் தட்டிப் பெயர்த்திருக்கிறான். அதே ஊரில் வேறு சில பாறைகளில், நூல் பிடித்தாற்போல வரிசையாகச் சிறு குழிகளும் உள. அவை ஆப்பு இறக்கிய குழிகள். அவற்றுட் பல, பிற்காலத்தில் கல் எடுத்தோர் விட்டுச் சென்றவை என்று கருத இடமுண்டு.

இத்தகைய குழிகளில் உலர்ந்த மரத்தை இறுக்கி நீர் வார்த்தால், மரம் பருத்துப் பாறை பிளக்கும் என்பது பள்ளிக்கூடம்தோறும் சொல்லப்படும் கதை. மரம் பருக்கும் என்பது மெய்தான். ஆயினும் எகிப்து நாட்டு அஸ்வான் கற்சுரங்கத்து ஆப்புக் குழிகளை ஆராய்ந்த அறிஞர், அவை இரும்பு ஆப்புக்கு உரியவை என்றே கூறினர். கருங்கல் திறத்தில் இரும்பையும் சம்மட்டியையும் நம்புவதே பொருத்தமாகும்.

ஆப்பின் வெற்றிக்குக் காரணம் கல்லின் இயல்பே. கல் எவ்வளவு நசுக்கினும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவிசைத் தாங்குதிறன் நசுக்கத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். கான்கிரீட்டும் அப்படியே.

ஐரோப்பாவில் 1627-ஆம் ஆண்டளவில் சுரங்கத்துள் வெடிமருந்து புகுந்தது. 1867-இல் நோபெல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஆப்பு பெரிய வேலைகளிலிருந்து ஒதுங்கியது.

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் இவ்வரலாறு வேறொரு முகம் காட்டுகிறது. ஈப்போவைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் அரித்து, உள்ளே குகையும் வெடிப்பும் மலிந்தவை. அக்குகைகளில் கோயில்கள் உள; 1926-இல் எழுந்த பேராக் தோங் அவற்றுள் ஒன்று. தம்புன் மலைச் சுவரிலோ பண்டை மக்கள் தீட்டிய செந்நிற ஓவியங்கள் 1959-இல் கண்டறியப்பட்டன. இதே மலைகள்தாம் சாலைக்கும் சிமெண்டுக்கும் கல் தருகின்றன. 1973 அக்டோபரில் குனோங் செரோவில் ஒரு பெரும் பாறை சரிந்து, அடிவாரக் குடியிருப்பில் சுமார் 40 பேர் மாண்டனர். அச்சரிவை வெடியின் தலையில் கட்டுவது நியாயமன்று. எனினும் தானே பிளந்து நிற்கும் மலைக்கு அருகில் வெடி அதிர்ச்சி வேண்டுமா என்று கேட்பது தவறாகாது.

அதற்கு விடையாக ஆப்பு மீண்டும் வந்தது. இம்முறை சம்மட்டி இல்லை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துத் தரும் அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் கண்ட உண்மையை, 1795-இல் ஜோசப் பிராமா அழுத்தப் பொறியாக்கினார். இன்றைய பிளவுப் பொறியும் அதன் வழித்தோன்றலே. முதலில் பாறையில் 3 முதல் 5 செ.மீ. அகலத்தில் துளையிடுவர். அதனுள் இரு உலோகத் தகடுகள். அவற்றிடையே ஒரு ஆப்பு. வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 500 மடங்கு அழுத்தத்தில் எண்ணெய் உந்தத் தள்ளுதண்டு ஆப்பை இறக்கும். தகடுகள் நூற்றுக்கணக்கான டன் விசையுடன் விலக, சிறிது நேரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கல் பறப்பதில்லை, பெருமுழக்கமும் இல்லை. மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் பெறவேண்டிய அனுமதிக்கும் அலைய வேண்டியதில்லை.

ஆனால் பெரிய கல்லுடைப்புத் தலங்களுக்கு இது ஒத்துவராது. துளை பல இட வேண்டும். காலமும் செலவும் ஏறும். ஆகவே அங்கே வெடியே ஆட்சி செய்கிறது. கோயிலை ஒட்டிய பாறை, வீடுகளின் நடுவே நிற்கும் பழைய அடித்தளம் போன்ற நெருக்கமான இடங்களே பொறிக்கு ஏற்றவை. ரப்பர் காடு அழிந்து வீட்டுமனையான தோட்டங்களில், ஆலைப் பொறிகள் நின்ற கான்கிரீட் மேடைகளும் இவ்வகைப்பட்டவையே. அங்கும் பொறி கான்கிரீட்டைத்தான் பிளக்கும். உள்ளே கம்பி ஓடினால் அதை அறுக்கத் தனியே ஆள் வேண்டும்.