செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: பட்டன் தேயலைன்னா டயர் நல்லதா? மதுரை வெயிலில் கவனிக்க வேண்டியவை

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால் அடிக்கடி கேட்கும் வார்த்தை இதுதான்: "ஓடினதே கம்மி சார், டயர் புதுசு மாதிரி இருக்கு பாருங்க." பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பட்டன் முழுசா இருக்கும், பாலிஷ் போட்டு கருகருன்னு மின்னும். ஆனால், ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயசாகும். மதுரை மாதிரி கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

பால் வாக்கர் விபத்தில் தெரிய வந்தது என்ன?

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களின் நடிகர் பால் வாக்கர், 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் உயிரிழந்தார். நண்பர் ஓட்டிய 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி கார் அது. 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் சுமார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது. அதோடு இன்னொரு தகவலும் வெளியானது. காரில் இருந்த டயர்கள் 9 ஆண்டுகள் பழையவை, அதனால் காரின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றனர் விசாரணை அதிகாரிகள்.

வெப்பம், வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்ல இறுக வைக்கும். இறுகிய ரப்பருக்கு ரோட்டுப் பிடிமானம் குறையும். உள்ளே இருக்கும் அடுக்குகளும் பிரிய வாய்ப்புண்டு. வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் கார்களில், பட்டன் தேய்வதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது.

டயருக்கு எத்தனை வயசு? கண்டுபிடிப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் 4 இலக்க எண் இருக்கும். உதாரணமாக 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் தயாரானது என்று அர்த்தம். இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்க. ஸ்டெப்னியையும் விட்டுடாதீங்க.

5 ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், 10 ஆண்டுகள் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. 6 ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. மதுரை வெயிலுக்கு 6 ஆண்டு கணக்கை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதைத் தாண்டிய டயரோடு கார் வந்தால், 4 புது டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்க.

வேறு எதையெல்லாம் பார்க்கணும்?

* பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் இருக்கிறதா?
* எங்காவது புடைத்திருக்கிறதா? இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கும். இதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.
* உள் ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா? வீல் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷனில் பிரச்னை இருக்கலாம்.
* பட்டன் ஆழம் எவ்வளவு? சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில், அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் தண்ணீர் மேல் வழுக்கும் ஆபத்து அதிகம். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றத் திட்டமிடுங்க.

வெயில் காலத்தில் காத்தைக் குறைக்கணுமா?

"வெயிலுக்கு டயர் வெடிச்சிடும், ரெண்டு பாயிண்ட் கம்மியா வைங்க" என்பார்கள். இது தவறு. காத்து குறைந்தால் டயர் அதிகமாக மடங்கி மடங்கிச் சுழலும், சூடு இன்னும் ஏறும். வெடிப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கம், சரியான அளவு இருக்கும். டயர் மேல் அச்சாகியிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது. காலையில், கார் ஓடுவதற்கு முன் காத்து பாருங்க. வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி உயர்ந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். மதியம் நான்கு வழிச்சாலையில் விருதுநகர் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் அளவு அதிகமாகத்தான் காட்டும். அப்போது காத்தை இறக்காதீங்க.

புது டயர் எப்படித் தேர்வு செய்வது?

225/45 ஆர்17 94 டபிள்யூ என்று டயரில் இருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இன்ச் என்று பொருள். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். "நம்ம ஊர்ல அந்த வேகம் யார் போறா?" என்று குறைந்த எண்ணோ எழுத்தோ உள்ள டயரை மாட்டக் கூடாது. வளைவிலும் பிரேக்கிலும் கார் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

சில ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயரை விட பின் டயர் அகலமாக இருக்கும். அவற்றை முன்பின்னாக மாற்றிப் போட முடியாது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் ஒரே அச்சில் ஜோடியாக மாற்றுங்க. நான்கும் ஒரே அளவு என்றால் புது ஜோடி பின்னால் இருப்பதே நல்லது. ஆல் வீல் டிரைவ் கார் என்றால் நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள்.

மதுரை அருகே வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை இருந்தாலும், அந்த நிறுவனத்தின் பெயர் டூவீலர், ஆட்டோ டயர்களுக்குத்தான். ஸ்போர்ட்ஸ் கார் அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, ஆர்டர் கொடுக்க வேண்டி வரலாம். வந்ததும், ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தயாரிப்புத் தேதியைப் பாருங்க. பழைய ஸ்டாக் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். அலாய் வீலுக்கு மெஷினில்தான் டயர் மாட்ட வேண்டும், கடப்பாரை போட்டு நெம்பினால் ரிம் கெட்டுவிடும்.

கார் நின்றுகொண்டே இருந்தால்?

வாரம் ஒருமுறையாவது சில கிலோமீட்டர் ஓட்டுங்க. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகி, வேகத்தில் ஸ்டியரிங் உதறும். நிழலில் நிறுத்துங்க. 2 வாரத்துக்கு ஒருமுறையும், கொடைக்கானல் மாதிரி மலைப்பாதைக்குக் கிளம்பும் முன்பும் காத்து பார்த்துக்கோங்க. இந்த வகை டயரில் பக்கவாட்டு உயரம் 10 சென்டிமீட்டர்தான். குழியில் இறங்கி அடி வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் டயரின் உள்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.